வயிற்றுக்குள் கேட்ட கடிகாரச் சத்தம்: பிரசவ அறை இயந்திரத்தின் கதை

போன கட்டுரையில் இரட்டைப் பதிவு கணக்குமுறை எங்கே பிறந்தது என்று பார்த்தோம். இந்தத் தடவை சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம். பி.காம். படிக்கிற பெண்ணுக்கு பிரசவ அறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் 'லேபர்' என்றால் கூலி. இது அந்த லேபர் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன. எப்படி என்று போகப் போகச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம் என் அக்காவுக்குத் தலைப்பிரசவம். தீபாவளி சீசன் வேறு, சிவகாசி முழுக்க லாரியும் பார்சலுமாக ஒரே கூட்டம். டாக்டர் குறித்த தேதி தாண்டியும் வலி வரவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் (பெயர் வேண்டாம்). முதலில் ஜெல் வைத்தார்கள், மறுநாள் வலி வருவதற்கு ட்ரிப்ஸ் போட்டார்கள். அக்காவின் வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட். ஒன்றில் குழந்தையின் துடிப்பு, இன்னொன்றில் வலி. பக்கத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து கட்டம் போட்ட தாள் மெதுவாக வெளியே வந்துகொண்டே இருக்கும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும். எங்கள் தெருவில் அந்தக் காலத்து டிரெடில் மிஷின் ஒன்று இன்னும் ஓடுகிறது. அசல் அதே மாதிரி, டடக் டடக் டடக் என்று நிற்காமல்.

நடு ராத்திரி ஒரு மணிக்கு மேல் அந்தச் சத்தம் மெதுவானது. 140 காட்டிக்கொண்டிருந்த எண் 90-க்கு இறங்கியதாம், பிறகு ஏறியதாம், மறுபடி இறங்கியதாம். டாக்டர் வந்து தாளைப் பார்த்தார். "துடிப்பு குறையுது, இனி காத்திருக்க முடியாது" என்றார். அப்பாதான் கையெழுத்துப் போட்டார். முக்கால் மணி நேரத்தில் பையன் பிறந்தான். பிறந்த உடனே ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதான். நான் சித்தி ஆனேன்.

மறுநாள் அம்மாச்சி வந்தது. குழந்தையைப் பார்த்துவிட்டு அது கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "இம்புட்டு நல்லா அழுற பிள்ளைக்கு எதுக்குடி வயித்தக் கிழிச்சாங்க?" இதை டாக்டரிடம் அம்மா நாசூக்காகக் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "நேரத்துல எடுத்ததாலதாம்மா நல்லா அழுறான்."

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் பட்டது. அதுதான் பிரச்சனை. இந்தக் கேள்வியைத் தீர்ப்பது எப்படி? அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம் என்று சமீபத்தில் பீரோவிலிருந்து ஃபைலை எடுத்தேன். தாள் வெள்ளையாக இருந்தது. கட்டம் மட்டும் இருக்கிறது, கோடு இல்லை. ஏ.டி.எம். ரசீது மாதிரி அதுவும் சூட்டில் எழுதும் தாள். எங்கள் ஊர் வெயிலில், பிளாஸ்டிக் கவருக்குள் இரண்டு வருடம் இருந்தால் அழிந்துபோகும். அச்சுத் தொழில் செய்யும் வீட்டுப் பெண்ணுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கலாம். போகட்டும். தாள் இல்லாவிட்டால் என்ன, அந்தத் தாள் எப்படி வந்தது என்றாவது தெரிந்துகொள்வோமே என்று தேட ஆரம்பித்தேன்.

கதை ஒரு காகிதக் குழாயில் தொடங்குகிறது. சிவகாசிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1816-ல் பாரிஸில் லேனக் என்ற டாக்டரிடம் இதயக் கோளாறோடு ஒரு இளம்பெண் வந்தாள். அந்தக் காலத்தில் நெஞ்சில் நேரடியாகக் காதை வைத்துத்தான் கேட்பார்கள். அவருக்குக் கூச்சம். ஒரு கற்றைக் காகிதத்தை இறுகச் சுருட்டி ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அவ்வளவுதான். வெடிக்குக் குழாய் உருட்டும் எங்கள் ஊர் அக்காமார் யாராவது அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் இன்னும் நேர்த்தியாகச் சுருட்டிக் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் லேனக் கர்ப்பிணியின் வயிற்றில் அதை வைத்துப் பார்க்கவில்லை. 1818-ல் ஜெனீவாவில் பிரான்சுவா மேயர் என்ற அறுவை மருத்துவர் வயிற்றில் வெறும் காதை வைத்தே குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இது உதவும் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அடுத்து வந்தவர்தான் முக்கியமான ஆள். லேனக்கின் நண்பர், கெர்கராடெக். பனிக்குடத் தண்ணீருக்குள் குழந்தை அசைந்தால் தளும்பும் சத்தம் கேட்குமா என்று பார்க்கத்தான் அவர் ஸ்டெதஸ்கோப்பை ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தார். தளும்பல் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடுவது போன்ற சத்தம் கேட்டது. எண்ணிப் பார்த்தார். நிமிடத்துக்கு 143 முதல் 148. தாயின் நாடி அதில் பாதிதான். அப்படியென்றால் அது தாயுடையது இல்லை. 1821 டிசம்பரில் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் இதைப் படித்தார். அதில் ஒரு கேள்வியையும் போட்டு வைத்தார். இந்தத் துடிப்பின் வேகமும் பலமும் மாறுவதை வைத்துக் குழந்தை நன்றாக இருக்கிறதா, கஷ்டப்படுகிறதா என்று சொல்ல முடியுமா?

இருநூறு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை என்பதுதான் மொத்தக் கதையும்.

1833-ல் டப்ளின் ரொட்டுண்டா பிரசவ ஆஸ்பத்திரியின் எவரி கென்னடி இதைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். 1893-ல் ஜெர்மனியில் வின்கெல் என்பவர் ஒரு விதி வகுத்தார். துடிப்பு 160-க்கு மேல் போனாலோ 100-க்குக் கீழே வந்தாலோ, குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டாலோ ஆபத்து என்று கொள்ள வேண்டும். 1895-ல் பாரிஸ் பேராசிரியர் பினார்டு ஒரு சின்னப் புனல் மாதிரிக் குழாயை உருவாக்கினார். மரத்திலோ அலுமினியத்திலோ இருக்கும். ஒரு முனை வயிற்றில், மறு முனை நர்சின் காதில். பேட்டரி கிடையாது, தாள் கிடையாது, கெட்டுப்போக எதுவும் கிடையாது. இன்றைக்கும் உலகம் முழுக்க அது புழக்கத்தில் இருக்கிறது.

நம் பக்கம் என்ன நடந்தது? சென்னையில் 1844-லேயே அரசாங்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கிவிட்டது. நாம் எழும்பூர் ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், மேனனோடு சேர்ந்து 1938-ல் எழுதிய மகப்பேறு மருத்துவப் பாடநூல், பதிப்புக்கு மேல் பதிப்பாகத் திருத்தப்பட்டு மாணவர்கள் கையில் இருந்து வருகிறது. (இதே முதலியார்தான் 1942-லிருந்து 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். இன்னொருவர் ராமசாமி முதலியார். அவர்கள் அம்மாவின் பிரசவத்தில் இரண்டு துடிப்பையும் யாராவது கேட்டிருப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.) ஆனால் எழும்பூர் வேறு, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல்காட்டு கிராமம் வேறு. 1985 வரை நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம். சிக்கலான பிரசவம் என்றால் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி, அதாவது இன்றைய ராஜாஜி ஆஸ்பத்திரி. சிவகாசியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்.

அம்மாச்சிக்கு ஆறு பிரசவமும் வீட்டில்தான். தீப்பெட்டி ஆபீசுக்கு வலி எடுக்கும் நாள் வரைக்கும் போகும். ஆபீஸ் லீவு என்றால் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும். குரோஸ் கணக்கில் கூலி. மருத்துவச்சியைப் பற்றிக் கேட்டால் இப்போதும் மரியாதையோடுதான் பேசும். "அவ வயித்துல கைய வச்சா, பொய் வலியா நெச வலியான்னு சொல்லிருவா. கைய எடுக்கவே மாட்டா. விடிய விடிய பக்கத்துலயே குத்த வச்சு உக்காந்துருப்பா." ஆறில் ஒன்று இறந்தே பிறந்தது. "அது ரெண்டு நாளா அசையலன்னு சொன்னேன். அவளுக்கு என்ன செய்யணும்னு தெரியல. வண்டி கட்டி மதுரைக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு." அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கையால் வலியைப் பார்க்கத் தெரிந்தது, குழந்தையின் துடிப்பைக் கேட்கக் குழாய் இல்லை. கேட்டிருந்தாலும் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வலியையும் துடிப்பையும் ஏன் சேர்த்தே பார்க்கிறார்கள்? கர்ப்பப்பை சுருங்கும்போது அதன் சதைக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. நஞ்சுக்கொடிப் பக்கம் ரத்தம் குறைகிறது. அந்த ஒரு நிமிடம் குழந்தை தன் கையிருப்பை வைத்துச் சமாளிக்க வேண்டும். வலி விட்டதும் மறுபடி வரவு. நம் பாஷையில் சொன்னால் ஒவ்வொரு வலியும் ஒரு சின்னப் பண நெருக்கடி. நல்ல கையிருப்பு உள்ள கடைக்கு ஒன்றும் ஆகாது. கையிருப்பு குறைந்த கடையோ, வலி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிய பிறகு துடிப்பு தாழ்ந்து மெதுவாக ஏறும். அதனால்தான் நேரம் முக்கியம். துடிப்பு 100 என்று மட்டும் சொன்னால் போதாது. வலியின்போதா, வலி முடிந்த பிறகா? தலை அமுங்குவதால் வலியோடு சேர்ந்து இறங்கி அதோடு சேர்ந்தே ஏறினால் பெரிதாகப் பயமில்லை. கொடி நசுங்கினால் சட்டென்று விழுந்து சட்டென்று ஏறும். வலிக்குப் பிந்தி இறங்குவது திரும்பத் திரும்ப வந்தால்தான் டாக்டர்கள் முகம் மாறுகிறது.

இதையெல்லாம் அளந்து பார்த்தவர்கள் பெரிய நாட்டுக்காரர்கள் மட்டும் இல்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. தென் அமெரிக்காவில் உருகுவே என்று ஒரு குட்டி நாடு (ஃபுட்பால் ரசிகர்களுக்குத் தெரியும்). அதன் தலைநகர் மான்டிவிடியோவில் கால்டெய்ரோ பார்சியாவும் அல்வாரெஸும் 1940களின் பிற்பகுதியில் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, கர்ப்பப்பைக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று மெர்க்குரி மில்லிமீட்டரில் அளந்தார்கள். பத்து நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எவ்வளவு அழுத்தம், இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணுக்கு இன்றைக்கும் 'மான்டிவிடியோ யூனிட்' என்றுதான் பெயர். (வெளியே கட்டும் பெல்ட்டில் இந்த அளவு கிடைக்காது. வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதை மட்டும்தான் அது காட்டும். பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் கோடு உயரமாக வரும். அக்காவின் வலிக் கோட்டைப் பார்த்து "அடேயப்பா எவ்வளவு பெரிய வலி" என்று நாங்கள் பேசிக்கொண்டது சும்மா!)

1958-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து எட்வர்ட் ஹோன் குழந்தையின் துடிப்பை மின்கருவியால் விடாமல் பதிவு செய்யும் முறையை வெளியிட்டார். ஜெர்மனியில் ஹம்மாக்கர் இன்னொரு பக்கம் வேலை செய்தார். அவரோடு சேர்ந்து 1968-ல் கடைக்கு வந்தது 8020ஏ என்ற இயந்திரம். தயாரித்தது யார் தெரியுமா? ஹியூலெட் பேக்கார்டு. ஆமாம், நம் கல்லூரி லேபில் பிரிண்டராக நிற்கும் அதே ஹெச்.பி.தான். (பிறகு அந்த மருத்துவப் பிரிவு அஜிலென்ட் கைக்குப் போய், 2001-ல் பிலிப்ஸ் வாங்கிக்கொண்டது.)

அதே 1968-ல் இன்னொரு சம்பவம். அமெரிக்காவில் 24,863 பிரசவங்களின் பதிவுகளை பென்சன் குழுவினர் அலசினார்கள். நர்சுகள் குழாய் வைத்துக் கேட்டு எழுதிய எண்களை வைத்து, உச்சகட்ட ஆபத்து தவிர மற்ற சமயங்களில் குழந்தை கஷ்டப்படுவதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பழைய சரக்கு உதவாது என்ற அறிக்கை, மறு பக்கம் புதுச் சரக்கு மார்க்கெட்டில். இதைவிட நல்ல வியாபார நேரம் யாருக்கு அமையும்? 1980 வாக்கில் அமெரிக்கப் பிரசவங்களில் ஏறக்குறைய பாதி இந்த இயந்திரத்தின் கீழ் நடந்தன. 2002-ல் 85 சதவீதம்.

ஒரு மாத்திரையை விற்பதற்கு முன்னால் ஆயிரம் சோதனை கேட்கிறார்கள். இந்த இயந்திரத்துக்கு அந்த மாதிரி முதல் சோதனை விற்பனை தொடங்கி எட்டு வருடம் கழித்துத்தான் வெளிவந்தது. டென்வரில் 1976-ல் ஹேவர்காம்ப் என்பவர் சிக்கல் வாய்ப்புள்ள 483 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு இயந்திரம். மறு பாதிக்கு நர்ஸ் பக்கத்தில் இருந்து காதால் கேட்பது. குழந்தைகளின் நிலையில் வித்தியாசம் இல்லை. சிசேரியன் மட்டும் இயந்திரப் பக்கம் 16.5 சதவீதம், காதால் கேட்ட பக்கம் 7 சதவீதத்துக்கும் கீழே.

சின்னச் சோதனை என்று ஒதுக்கிவிடலாம். டப்ளின் சோதனையை ஒதுக்க முடியாது. 1985-ல் வெளியானது, 12,964 பெண்கள். இரண்டு பக்கமும் இறந்த குழந்தைகள் சரிசமமாக 14, 14. பிறந்த உடனே வலிப்பு வந்த குழந்தைகள் இயந்திரப் பக்கம் 12, காதால் கேட்ட பக்கம் 27. இதை நான் மறைக்க விரும்பவில்லை. வலிப்பு பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் நான்கு வயதில் பார்த்தபோது மூளை முடக்குவாதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அதைத் தடுப்பதற்காகத்தான் இயந்திரமே வந்தது. டப்ளினில் சிசேரியன் இரண்டு பக்கமும் 2 சதவீதத்தைச் சுற்றித்தான். காரணம் என்னவென்றால், அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நர்ஸ் கூடவே இருப்பது வழக்கம். சந்தேகம் வந்தால் குழந்தையின் உச்சந்தலையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகுதான் கத்தியை எடுத்தார்கள். பிற்பாடு 13 சோதனைகளை, 37,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துக் கணக்குப் பார்த்த காக்ரன் தொகுப்பும் (2017) இதையேதான் சொன்னது. வலிப்பு பாதி, மரணமும் மூளை முடக்குவாதமும் அப்படியே, சிசேரியன் அதிகம். தாளைப் படிப்பதில் மனிதர்கள் தவறுகிறார்களோ என்று கம்ப்யூட்டரை விட்டுப் படிக்கச் செய்து 47,000 பெண்களிடம் ஒரு சோதனை. அதுவும் 2017-ல்தான் வந்தது. ஒன்றும் மாறவில்லை.

அப்படியென்றால் ஏன் இன்னும் ஒவ்வொரு பிரசவ அறையிலும் அது நிற்கிறது? டாக்டர்கள் பணத்துக்காகத்தான் என்று நம்மூரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் அந்தக் கோபத்தோடுதான் தேட ஆரம்பித்தேன். ஆனால் அது மட்டும் இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

இயந்திரம் இல்லாமல் ஒழுங்காகப் பார்ப்பது என்றால் என்ன? வலி நன்றாகப் பிடித்த பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும், வலி விட்டதும் முழுதாக ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். பத்து நிமிடம் வயிற்றில் கையை வைத்து எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். முக்கும் கட்டம் வந்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை துடிப்பு. சரி, முதல் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்கு அரை மணிக்கு 11 நிமிடம். இரண்டு பெண்களுக்கு 22. மூன்று பெண்களுக்கு 33. அரை மணிக்கு 30 நிமிடம்தானே இருக்கிறது! அந்த ஒரு நிமிடத்தைப் பத்துக்குள்ளேயே அடக்கினாலும் 30-க்கு 30. அந்த சிஸ்டர் கை கழுவக்கூடாது, ஊசி போடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, போனை எடுக்கக்கூடாது. இதில் ஒருத்திக்குக் குழந்தை பிறக்க ஆரம்பித்தால் மற்ற இரண்டு பேர் கதி?

இங்கேதான் இரண்டு லேபரும் முட்டிக்கொள்கின்றன. இயந்திரம் நர்சின் காதைவிட நன்றாகக் கேட்கிறது என்பதற்காக வாங்கப்படவில்லை. அது பக்கத்தில் ஆள் இல்லாமல் கேட்கிறது என்பதற்காக வாங்கப்படுகிறது. ஒரு தடவை வாங்கினால் சொத்துக் கணக்கில் ஏறிவிடும், வருடாவருடம் தேய்மானம் எழுதலாம். நர்சுக்கு மாதாமாதம் சம்பளம். எந்த மேனேஜர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று இரண்டாம் வருட மாணவிக்கும் தெரியும். ஆனால் டென்வரிலும் டப்ளினிலும் இயந்திரத்தோடு போட்டி போட்டுத் தோற்காமல் நின்றது வெறும் குழாய் இல்லை. குழாயோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஒரு ஆள். நம்மூரில் குழாயை வைத்துக்கொண்டு அந்த ஆளைக் கொடுக்காவிட்டால் அது டப்ளின் ஆகாது. அம்மாச்சியின் மருத்துவச்சி 'கைய எடுக்கவே மாட்டா' என்பது எந்தக் கணக்கிலும் ஏறாத செலவு.

இதே சிக்கலுக்கு இன்னொரு நாட்டில் வேறு விடை கண்டார்கள். அன்றைய ரொடீஷியா, இன்றைய ஜிம்பாப்வே. ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன கிளினிக்குகளில் மருத்துவச்சிகள் மட்டும்தான். பெரிய ஆஸ்பத்திரி தூரம். எப்போது அனுப்புவது? பில்பாட்டும் காசிலும் 1972-ல் ஒரே ஒரு தாளில் அதை அடக்கினார்கள். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, துடிப்பு எவ்வளவு, பத்து நிமிடத்தில் எத்தனை வலி, எல்லாம் ஒரே பக்கத்தில். குறுக்கே இரண்டு சாய்வுக் கோடு. முதல் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை, வண்டிக்குச் சொல். நாலு மணி நேரம் தள்ளி இருக்கும் இரண்டாவது கோட்டைத் தாண்டினால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். அந்த நாலு மணி நேர இடைவெளிதான் தூரத்துக்கான வாய்தா. இதன் பெயர் பார்ட்டோகிராஃப். உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35,484 பெண்களிடம் சோதித்து 1994-ல் வெளியிட்டது. இழுத்துக்கொண்டே போகும் பிரசவம் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆனது. இறந்து பிறப்பதும் குறைந்தது. 2020-ல் அதையே திருத்திப் புதிய தாள் ஒன்றும் வந்திருக்கிறது. அதில் இன்னொரு கேள்வியும் சேர்த்திருக்கிறார்கள். பெண்ணோடு துணைக்கு ஆள் இருக்கிறதா?

அம்மாச்சி வண்டி கட்டிய அந்த நாளை நினைத்துக்கொண்டேன். 75 கிலோமீட்டர் மாட்டு வண்டிக்கு எந்த நாலு மணி நேரக் கோடும் போதாதுதான். ஆனால் தமிழ்நாட்டில் தூரம் என்ற பிரச்சனை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகள் ஷிப்ட் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. 2008-ல் 108 வண்டி வந்தது. அரசு ஆஸ்பத்திரி பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடும் வழக்கமும் வந்தது. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சிசேரியன் 44.9 சதவீதம். அரசு ஆஸ்பத்திரிகளில் 36, தனியாரில் 63.8. இதற்கெல்லாம் அந்தத் தாள்தான் காரணம் என்று சொன்னால் அபத்தம். தேதி குறித்துப் பிள்ளை பெறும் ஆசை, வழக்குப் பயம், முதலில் ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன், ஜாதகம், பணம் எல்லாம் சேர்ந்துதான் அது. ஆனால் நடு ராத்திரி ஒரு மணிக்கு, கோடு இறங்குவதைப் பார்த்த ஒரு டாக்டர் 'இன்னும் அரை மணி பார்க்கலாம்' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்? தாள் சாட்சி. காத்திருந்து தவறினால் தாள் அவருக்கு எதிராகப் பேசும். வெட்டி எடுத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அம்மாச்சியைத் தவிர.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை, தானாக வலி எடுத்த ஆரோக்கியமான பெண்ணுக்கு இந்த இயந்திரத்தை விடாமல் மாட்டி வைக்க வேண்டாம் என்கிறது. அதைப் படித்ததும் 'பிடித்துவிட்டேன்' என்று குதித்தேன். ஆனால் அக்காவுக்குத் தானாக வலி எடுக்கவில்லையே. வலி மருந்து ட்ரிப்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு விடாமல் பார்ப்பதுதான் முறை. அதாவது அந்த பெல்ட்டுகள் அக்காவுக்குத் தேவையானவைதான். என் கோபத்துக்கு அங்கே இடமில்லை.

ஆனால் ஆபரேஷன் தேவைதானா? 1996-ல் அமெரிக்காவில் நெல்சன் குழுவினர் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தாளில் பயமுறுத்தும் கோடு வந்த குழந்தைகளில் மூளை முடக்குவாதம் வராதவர்கள் 99.8 சதவீதம். அப்படியென்றால் ஆயிரத்தில் 998 பேர் எப்படியும் நன்றாகத்தான் அழுதிருப்பார்கள். ஆனால் எந்த இரண்டு பேர் அழாதவர்கள் என்று தாளுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அக்காவிடம் இதைச் சொன்னேன். குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அந்த நேரத்துல எங்கிட்ட யாராவது இதச் சொல்லிருந்தா நானும் எடுத்துருங்கன்னுதான் சொல்லிருப்பேன். ஆனா யாரும் சொல்லல. அதான் வருத்தம். ராத்திரி பூரா அந்தப் பெட்டியத்தான் எல்லாரும் வந்து வந்து பாத்தாங்க, என்னைய யாரும் பாக்கல" என்றாள்.

போன மாதம் பெரியம்மா மகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். தானாக வலி எடுத்துப் போனவள். பெரியம்மாதான் துணைக்கு உள்ளே இருந்தது. பெரியம்மா பட்டாசு ஆபீசில் பேக்கிங்கில் இருக்கிறது. எண்ணாமல் இருக்கவே தெரியாது. நான் இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோது யோசிக்காமல் சொன்னது: "ராத்திரி பதினொன்னுல இருந்து காலைல அஞ்சு வரைக்கும் சிஸ்டர் பத்துத் தடவ வந்து வயித்துல மிஷினு வச்சுக் கேட்டா."

ஆறு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு தடவை வர வேண்டும். இரண்டு குறைகிறதே பெரியம்மா என்றேன்.

"ஆமா. மூணு மணிக்குப் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் தலை தெரிஞ்சிருச்சு. இருந்தது ஒரே சிஸ்டர், அவ என்ன செய்வா பாவம். எங்கிட்ட சொல்லிட்டுப் போனா, வலி எத்தன வருதுன்னு கைய வச்சுப் பாருங்கம்மா, ரொம்ப நேரம் விடாம இருந்தா கூப்பிடுங்கன்னு. அந்த ஒரு மணி நேரமும் நான்தான் கைய எடுக்காம உக்காந்துருந்தேன்."

காலை 5.40-க்குப் பெண் குழந்தை. 2 கிலோ 900 கிராம். சுகப்பிரசவம்.